மேல்பூச்சு

அழுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதிலும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் சாப்பிட்ட ஒரு பரோட்டாவை நினைத்து அழுகிறவர்களைக் கண்டால் எழுந்து போய்விடலாம் போலிருக்கும். போக முடியாது. அவர்களை உட்காரவைத்துப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சேலத்தில், ஏற்காட்டு மலைச்சாலை ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ‘இன்று நல மையம்’. இந்த 2061-இல் ஊருக்கு நாலு பல் ஆஸ்பத்திரி இருப்பதுபோல இப்படி நாலு மையங்களும் இருக்கின்றன. நோய்க்கு ‘கடந்தகால மிகையேக்கம்’ என்று வாய் நிறையப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊழியர்களாகிய நாங்கள் சுருக்கமாகப் ‘பழசு’ என்போம். “இன்னைக்கு எத்தனை பழசு வந்திருக்கு?” என்றுதான் காலையில் விசாரிப்போம்.

எத்தனை விதமான பழசு! போன மாதம் வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், 2016-இல் பழைய நோட்டை மாற்ற வங்கி வாசலில் வெயிலில் நின்ற நாட்களை நினைத்து உருகினார். “அப்பல்லாம் ஜனங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டாங்கம்மா” என்றார். ஒரு அம்மாள், ஊரடங்கு நாட்களில் குடும்பத்தோடு தாயம் ஆடியதைச் சொல்லித் தேம்பினார். ஊரே பயந்து செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவருக்கு ஞாபகம் இருந்தது தாயக்கட்டை மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களிடம் குணமாகிப் போனவர்கள் ‘இன்று மையம் 2059 பேட்ச்’ என்று ஒரு குழு ஆரம்பித்து, வார்டில் ஒன்றாக இருந்த நாட்கள் எவ்வளவு இனிமையானவை என்று தினமும் எழுதிக்கொள்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் பெயர் வெண்பா. கருவியை இயக்குபவள். என் வீட்டில் ஒரு பழைய புகைப்படம்கூடக் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள்.

குணசீலனை அவருடைய மகள் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு வயது அறுபத்தாறு. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. நடக்க முடியாமல் இல்லை, நடக்க மனமில்லை. மகள் நிறைமதிக்கு முப்பது வயது, மின்பேருந்துப் பணிமனையில் பொறியாளர். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

எங்கள் படிவத்தின் முதல் கேள்வி, ‘நீங்கள் எந்த வருஷத்தில் வாழ்கிறீர்கள்?’ என்பது. பெரும்பாலான பழசுகள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவார்கள். குணசீலன் கோபப்படவில்லை.

“2037ங்க. மே மாசம் பதினேழு. ஞாயித்துக்கிழமை” என்றார்.

“அன்னைக்கு என்னங்க விசேஷம்?”

“மேட்டூர் அணைப் பூங்காவுக்குப் போனோம்ங்க. நான், என் சம்சாரம் சிந்துஜா, பாப்பா. மஞ்சள் சேலை கட்டியிருந்தா. காத்துல முடி பறக்குது. மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டோம். அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே...” துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அதுக்கப்புறம் நாலாம் மாசம் அம்மா இறந்துட்டாங்க” என்றாள் நிறைமதி. “மூளையில ரத்தக் கசிவு. எனக்கு அப்ப ஆறு வயசு. இருபத்துநாலு வருஷமா அப்பா அந்த ஒரு நாளைத்தான் மேடம் பேசிக்கிட்டு இருக்கார். எனக்கு ஒரு வரன் வந்துச்சு, பேசி முடிக்கிற நாள்ல எந்திரிச்சு வெளிய போயிட்டார். கேட்டா, மேட்டூர் ஞாபகம் வந்துடுச்சாம். இப்ப சாப்பாட்டைக்கூட எடுத்து வெச்சுட்டு அழுதுக்கிட்டே உட்கார்ந்திருக்கார்.”

எனக்கு நிறைமதி மேல்தான் கோபம் வந்தது. இருபத்துநாலு வருஷமாக இதைப் பொறுத்துக்கொண்டவள் எப்படிப்பட்ட ஏமாளியாக இருக்க வேண்டும்!

தலைமை மருத்துவர் பெனடிக்ட் அவளுக்குச் சிகிச்சையை விளக்கினார். இந்த விளக்கத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

“ஞாபகம்கிறது பெட்டியில பூட்டி வெச்ச போட்டோ இல்லம்மா. ஒவ்வொரு தடவை எடுத்துப் பார்க்கும்போதும் மூளை அதைத் திரும்ப எழுதித்தான் உள்ள வைக்குது. எழுதுறப்ப கசப்பைக் கொஞ்சம் குறைக்கும், இனிப்பைக் கொஞ்சம் கூட்டும். அதைத்தான் மேல்பூச்சுன்னு சொல்றோம். உங்கப்பா அந்த ஒரு நாளை லட்சம் தடவை பூசியிருப்பார். நாங்க பூச்சை எல்லாம் நீக்கிட்டு, அடியில இருக்கிற முதல் பதிவை அவருக்கே காட்டுவோம். அதைப் பார்த்தா வெயில், வேர்வை, பஸ்ல நெரிசல், ஒரு சில்லறைச் சண்டை, இதெல்லாம்தான் இருக்கும். இதுக்கா இத்தனை வருஷம் அழுதோம்னு தோணிடும்.”

“பூச்சு திரும்ப ஏறிக்காதா டாக்டர்?”

“ஏறாது. முடிச்சதும் ஒரு மருந்து குடுத்து அந்த இடத்தைக் கெட்டியாக்கிடுவோம். தொண்ணூறு நாள் கழிச்சு எங்க ஆள் வீட்டுக்கே வந்து சரிபார்ப்பாங்க. எங்கயாச்சும் பூச்சு தெரிஞ்சா திரும்பக் கூட்டிட்டு வந்து நீக்கிடுவோம்.”

கருவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ‘சுரண்டி’ என்போம்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குணசீலனைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் கவசத்தை மாட்டினேன். கல்யாண மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். சிந்துஜாவைப் பார்க்கப் போகிறாராம். தலையைச் சீவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நிறைமதி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது.

திரையில் முதலில் வந்தது ஒரு கைபேசி.

கைபேசிக்குள் ஒரு புகைப்படம். 2012-ஆம் வருஷப் பன்னிரண்டாம் வகுப்பு, நாற்பத்தொரு பையன்கள், சீருடை. ஒவ்வொரு முகமும் தெள்ளத் தெளிவாக இருந்தது. ஒரு கட்டைவிரல் படத்தைப் பெரிதாக்கி முகம் முகமாக நகர்த்தியது. கீழே நண்பர்கள் எழுதுகிற வரிகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ‘மச்சான் அந்த நாள் மாதிரி வருமாடா.’ கட்டைவிரல் பதில் எழுதியது. ‘வராதுடா மச்சான். கண்ணுல தண்ணி வருது.’

மேட்டூர் அணை திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடாக இருந்தது. மஞ்சளாக ஒரு கறை அங்குமிங்கும் அசைந்தது. அதற்கு முகம் இல்லை. காலுக்குக் கீழே இன்னொரு சின்னக் கறை. அது நிறைமதியாக இருக்க வேண்டும்.

நாற்பது நிமிஷமும் இதேதான். நடுநடுவே மஞ்சள் கறையிலிருந்து “ஏங்க” என்று ஒரு குரல் வரும். அதற்குப் பிறகு வரும் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல மழுங்கிவிடும். பெரும்பாலும் “ம்” என்று மட்டும் குணசீலன் பதில் சொல்லியிருக்கிறார். சில தடவை அதையும் சொல்லவில்லை.

“மெஷின் தப்பா காட்டுதுங்க” என்றார் குணசீலன்.

“தப்பு இல்லீங்க. சரியாத்தான் காட்டுது.”

“அவ முகத்தைக் காட்டுங்க. அவ முகம் எங்க?”

“நீங்க பார்க்கலீங்க. பார்க்காதது பதிவாகாது. நீங்க அன்னைக்கு மேட்டூர்லயே இல்லை, உங்க ஸ்கூல்ல இருந்திருக்கீங்க.”

இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன்? ஒரு மனிதர் இருபத்துநாலு வருஷம் எந்த நாளுக்காக அழுதாரோ, அந்த நாள் முழுக்க அதற்கும் இருபத்தைந்து வருஷம் முந்தைய நாளுக்காக அழுதுகொண்டிருந்திருக்கிறார். பழசுகளைப் பற்றி நான் இத்தனை காலமும் சொல்லிவந்ததை இதைவிட அழகாக யாரும் நிரூபிக்க முடியாது. சாயங்காலம் கேண்டீனில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

குணசீலன் கவசத்தைக் கழற்றியபோது அழவில்லை. “பதினோரு தடவை ஏங்கன்னு கூப்பிட்டிருக்கா” என்றார். “என்ன சொல்ல வந்தா?”

“அது தெரியாதுங்க.”

“என்ன சொல்ல வந்திருப்பா?”

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. இரவும் சாப்பிடவில்லை. அழுகையோடு உணவைத் தள்ளிவைத்த ஆள் இப்போது அழுகை இல்லாமல் தள்ளிவைத்தார். வார்டில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அதே கேள்வி. கூட்டுகிற அம்மாளைக்கூட விடவில்லை. நாலாம் நாள் கையில் ஊசி குத்தி குளுக்கோஸைச் சொட்டுச்சொட்டாக ஏற்ற ஆரம்பித்தோம். ஆறாம் நாள் அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பெனடிக்ட் என்னைக் கூப்பிட்டார். “வெண்பா, இந்த ஆள் இங்கயே போயிட்டா மையத்துக்குப் பேர் என்ன ஆகும்?” என்றார். குணசீலனுக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. “பொண்ணும் அன்னைக்குக் கூட இருந்திருக்கா. ஆறு வயசுக் குழந்தை அம்மாவைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கும்? அவ முதல் பதிவை எடுத்து இவருக்குக் காட்டிடலாம். நீ பேசு.”

நிறைமதியைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு தட்டுவடை செட் வாங்கினேன். அவள் பீட்ரூட் துருவலை விரலால் கிளறிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள்.

“என்னோடதை எடுத்தா, எனக்கு என்ன ஆகும் மேடம்?”

“ஒண்ணும் ஆகாது. மேல்பூச்சு போயிடும். நடந்தது நடந்தபடியே இருக்கும்.”

“எனக்கு அம்மான்னா அந்த ஒரு நாள்தான் மேடம். மத்ததெல்லாம் மறந்துபோச்சு. அம்மா மீன்ல முள்ளை எடுத்து எடுத்து எனக்கு ஊட்டுறாங்க. மீனுக்கு வலிக்காதாம்மான்னு நான் கேக்கிறேன். அம்மா சிரிக்கிறாங்க. அப்புறம் கட்டைவிரலால என் கன்னத்தைத் துடைச்சு விடுறாங்க. அவ்வளவுதான் இருக்குது என்கிட்ட. நான் அப்பா மாதிரி இதை யார்கிட்டயும் சொல்றது இல்லை. வேலையில ரொம்ப முடியாமப் போனா ஒரு நிமிஷம் நினைச்சுக்குவேன்.”

“அதே கட்டைவிரல் அப்படியே இருக்குங்க. பொய்யா ஏறின சர்க்கரை மட்டும்தான் போகும். சர்க்கரை போனா நல்லதுதானே?”

“அது சர்க்கரைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பதினாலு வருஷமா இதே வேலை. எல்லாருக்கும் சர்க்கரைதான்.”

அவள் மறுபடி பீட்ரூட்டைக் கிளற ஆரம்பித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“உள்ள படுத்திருக்கிறது உங்கப்பா. உயிரோட இருக்கிற ஆளுக்குச் சாப்பாடு இறங்குறது முக்கியமா, செத்துப்போனவங்க சிரிச்சது முக்கியமா? நீங்களும் ஒரு பழசுதான்னா சொல்லிடுங்க, உங்களுக்கும் ஒரு படிவம் தர்றேன்.”

இப்படித்தான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நிறைமதி தட்டை நகர்த்திவைத்துவிட்டு, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றாள்.

அவளுடைய பதிவு அப்பாவுடையதுபோல இல்லை. எல்லாம் தெளிவாக இருந்தது. ஆறு வயதுக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்த சிந்துஜா. முகவாய், கழுத்து, வேர்வையில் ஒட்டிய முடி. காற்று ஒன்றும் அடிக்கவில்லை. மே மாத மேட்டூரில் ஏது காற்று? சேலை மஞ்சள்தான், ஆனால் முந்தானையில் மீன் எண்ணெய் பட்டிருந்தது. அவள் மிகவும் களைத்திருந்தாள்.

பதினோரு “ஏங்க”வும் கேட்டது. ஏங்க, பாப்பாவுக்குத் தண்ணி வாங்கிட்டு வாங்க. ஏங்க, வெயில்ல உக்காராதீங்க, இந்தப் பக்கம் வாங்க. ஏங்க, கொஞ்ச நேரம் இவளைத் தூக்குங்க, இடுப்பு வலிக்குது. ஏங்க, முதலைப் பண்ணையை மூடிடுவாங்களாம். எல்லாம் இப்படித்தான். பதினோராவது தடவை கூப்பிட்டபோது குணசீலன் கைபேசியிலிருந்து நிமிராமலே, “என்ன?” என்று கேட்டார். சிந்துஜா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல, விடுங்க” என்றாள்.

பிறகு குழந்தையின் பக்கம் திரும்பினாள். மீனில் முள் எடுத்து ஊட்டினாள். குழந்தை, “மீனுக்கு வலிக்காதாம்மா?” என்றது. சிந்துஜா காதிலேயே வாங்கவில்லை. குழந்தை மறுபடி கேட்டது. மூன்றாம் தடவை முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டபோது காகிதத் தட்டு கவிழ்ந்து மீன் மண்ணில் விழுந்தது. குழந்தையின் கன்னத்தில் சிந்துஜா பளாரென்று ஒன்று வைத்தாள். குழந்தை மூச்சு விடாமல் அழுதது. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அந்தக் கண்ணீரைத் துடைத்தாள்.

பதிவு முழுவதும் அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

நிறைமதி கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். பதிவைக் கொடுப்பவர்களும் விழித்தபடி பார்த்தாக வேண்டும், அப்போதுதான் எடுக்க வரும். நான் மருந்தை ஏற்றி அந்த இடத்தைக் கெட்டியாக்கினேன். கவசத்தைக் கழற்றும்போது, நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டேன். வலது கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே பதிவை அன்று மதியம் குணசீலனுக்குக் காட்டினோம். நாற்பது நிமிஷமும் கண் இமைக்காமல் பார்த்தார். ஒவ்வொரு “ஏங்க”வுக்கும், “இந்தா வர்றேன், இந்தா வர்றேன்” என்று முனகினார். அடி விழுந்தபோது, “பாப்பாவை அடிக்காதடி” என்றார். முடிந்ததும் தண்ணீர் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். பெனடிக்ட் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொடுத்தார்.

தொண்ணூறு நாள் கழித்து நான்தான் பரிசோதனைக்குப் போனேன். அழகாபுரத்தில் சின்ன வீடு. போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை மணி. நிறைமதி கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு இன்னும் அப்படியே இருந்தது.

“அப்பா எப்படி இருக்கார்?”

“நல்லா சாப்பிடுறார் மேடம். நடக்கிறார். மார்க்கெட்டுக்குக்கூடப் போயிட்டு வர்றார்.”

“நீங்க?”

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள். “அம்மாவை நினைச்சா அந்த அடிதான் மேடம் வருது. வேற எதுவும் வர மாட்டேங்குது. நானும் முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன். சிரிச்ச மாதிரி நினைச்சுப் பார்த்தா ஒட்ட மாட்டேங்குது, வழுக்கிட்டுப் போயிடுது. நீங்க போட்ட மருந்து நல்ல மருந்து மேடம்.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. பணிமனையில் ஒரு பசையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

குணசீலன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என்னையும் வற்புறுத்தி உட்காரவைத்தார்கள். நிறைமதி பரிமாறிக்கொண்டே, “அப்பா, மேட்டூர் போனதைச் சொல்லுங்க” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அவளிடம்தான் எழுதிக்கொடுத்திருந்தோம்.

குணசீலன் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். “அன்னைக்கு நல்ல காத்து. உங்கம்மா ஏங்கன்னு கூப்பிட்டா, பாப்பாவுக்குத் தண்ணி வேணும்னா. நான் ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன். இடுப்பு வலிக்குதுன்னா, அன்னைக்குப் பூரா உன்னை நான்தான் தூக்கிட்டு அலைஞ்சேன். முதலைப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனேன். மீன்ல முள்ளு எடுத்து ரெண்டு பேருக்கும் நான்தான் ஊட்டுனேன். கடைசியா ஒரு தடவை ஏங்கன்னு கூப்பிட்டா. என்னடின்னேன். எல்லா ஞாயித்துக்கிழமையும் இப்படியே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னா.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒண்ணுமில்ல, விடுங்க. அவள் சொன்னது அதுதான். என் இரண்டு காதாலும் கேட்டேன். இந்த மனிதர் அவள் சொல்லாமல் விழுங்கியதில்கூடத் தன் வசனத்தை எழுதி நிரப்பிவிட்டார்! எப்படி இது நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய சொந்தப் பதிவு கெட்டிப்பட்டுக் கிடக்கிறது, மகளுடையதும் அப்படியே. ஆனால் மகளுடையதைத் திரையில் பார்த்தது அவருக்குப் புதிய ஞாபகம். அதற்கு யாரும் மருந்து போடவில்லை. தொண்ணூறு நாளாக அதன்மேல் தாராளமாகப் பூசிக்கொண்டிருக்கிறார். மூன்று பட்டம் வாங்கிய பெனடிக்டுக்கும் இது தோன்றவில்லை, பதினாலு வருஷம் வேலை பார்த்த எனக்கும் தோன்றவில்லை.

பையில் படிவம் இருந்தது. ‘பூச்சு தெரிகிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினால் நாளைக்கே வண்டி வரும். கூட்டிப்போய்ச் சுரண்டி, இந்த முறை மருந்தைச் சரியாகப் போட்டு அனுப்புவோம். பேனாவை எடுத்துவிட்டேன்.

“தினமும் இதைத்தான் பேசுறாரா?” என்று நிறைமதியிடம் கேட்டேன்.

“நான்தான் மேடம் சொல்லச் சொல்றேன். மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.”

“இது பூராவும் பொய்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு?”

“என்கிட்ட இருக்கிறதுல ஒட்ட மாட்டேங்குது. அவர் சொல்றதைக் கேட்டா அது வேற ஞாபகமாத் தனியா நிக்குது மேடம். அப்பா சொன்ன அம்மான்னு” என்றாள். ரசக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். “நேத்துதான் முள்ளு எடுக்கிற வரைக்கும் வந்திருக்கார். மீனுக்கு வலிக்குமான்னு நான் கேட்டதுக்கு இன்னும் வரலை.”

குணசீலனுக்கு நாங்கள் பேசியது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் மேட்டூரில் இருந்தார்.

“அப்பத்தான் இவ கேட்டாளுங்க” என்றார் என்னைப் பார்த்து. “மீனுக்கு வலிக்காதாம்மான்னு. இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்ன கேள்வி பாருங்க. அப்ப சிந்து...” சோற்றில் வைத்த கை நின்றது. நெற்றியைச் சுருக்கினார். “சிந்து என்ன பண்ணினா? அந்த இடம் மட்டும் சரியா வர மாட்டேங்குது. நீங்கதான் திரையில பார்த்தீங்களே மேடம். அவ சிரிச்சாளா, இல்லையா?”

நிறைமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பளாரென்ற அந்தச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் கெஞ்சவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை. கேண்டீனில், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டபோதும் இப்படித்தான் பார்த்திருப்பாள். அன்றைக்கு நான் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சிரிச்சாங்க” என்றேன்.

குணசீலன், “அதானே!” என்று திருப்தியாகச் சாப்பிட ஆரம்பித்தார். நிறைமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“எப்படிச் சிரிச்சாங்க மேடம்?”

இல்லாத ஒன்றை இருந்ததாக என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல கையால வாயைப் பொத்திக்கிட்டாங்க” என்றேன். “ஆனா அடக்க முடியல.”